புட்டுவுக்குப் பார்த்த வீடு

இன்று புட்டுவைக் கூண்டில் வைத்துக் கிளமெண்டியில் ஒரு வீட்டுக்குத் தூக்கிப் போனேன். காப்பகத்துப் பூனை. நல்ல வீடு கிடைக்கும்வரை என்னிடம் இருக்கிறான்.

தத்தெடுக்க ஓர் ஆன்ட்டி கேட்டிருந்தார். வீடு பதினோராவது மாடி. ஜன்னலுக்கு வலை இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பூனை விழுந்துவிடும்.

ஆன்ட்டி புட்டுவைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"எந்த ஸ்கூல்மா?"

"ஸ்கூலை விட்டு நின்னுட்டேன் ஆன்ட்டி."

"ஏன்?"

நான் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கேயும் வலை இல்லை. கேட்டதற்கு, "ஜன்னலைத் திறக்கிறதே இல்லலா. எப்பவும் ஏர்கான்தான்," என்று சிரித்தார்.

சமையலறை ஜன்னலும் மூடித்தான் இருந்தது. ஆனால் கண்ணாடிக்கு வெளியே, ஜன்னலிலிருந்து நீட்டியிருந்த மூங்கில் கழியில் துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன.

எனக்குப் பேச வராது. எப்படியோ கேட்டுவிட்டேன்.

"அப்போ அந்தத் துணியெல்லாம் எப்படி ஆன்ட்டி வெளிய போச்சு?"

சிரிப்பு நின்றது. "நீ பூனை கொடுக்க வந்தியா, வீடு வாங்க வந்தியா?"

கூண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். லிஃப்ட் பட்டனை அழுத்தினேன். புட்டு உள்ளே நிம்மதியாகத் தூங்கினான்.

வீடு வந்து சேர்வதற்குள் ஆன்ட்டி ஒரு படம் அனுப்பிவிட்டார். 'வலை போட்டாச்சு, நாளைக்கே கொண்டு வா' என்கிறார். படத்தில் இருக்கும் ஜன்னலை அந்த வீட்டில் நான் பார்க்கவே இல்லை.

உண்மையிலேயே வலை போட்ட வீடு யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள். படம் வேண்டாம். துணி எங்கே காய்கிறது என்று நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.