கணக்கில் வராத பல்ப்

"2007 ஐப்பசி, புதன்கிழமை. வெள்ளவத்தை. ஆட்கள் இரண்டு, பல்ப் இரண்டு." என் தினக்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது.

அப்போது கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். பழைய குண்டு பல்பை வாங்கிக்கொண்டு, மின்சாரம் குறைவாக இழுக்கும் புதிய பல்பை இலவசமாகக் கொடுப்போம். அதனால் குறையும் புகையைக் கணக்கிட்டு, காபன் கிரெடிட்டாக வெளிநாட்டுக் கம்பனிக்கு விற்பதாகத் திட்டம். வீட்டில் எத்தனை பேர், எந்த அறையில் எவ்வளவு நேரம் விளக்கு எரியும் என்று கேட்பது என் வேலை. போரால் யாழ்ப்பாணத்துப் பாதை மூடியிருந்தது; என் வீட்டார் அங்கே. சில நாட்களில் இந்தக் கேள்விகளைத் தவிர நான் யாரோடும் எதுவும் பேசியதில்லை.

அந்த வெள்ளவத்தை வீட்டு அன்ரி கதவைப் பாதிதான் திறந்தார்.

"ரெண்டு பேர்தான் தம்பி. நானும் மூத்தவனும். பொலிஸிலயும் அப்பிடித்தான் பதிஞ்சிருக்கு."

"பின் அறையில?"

"சாமான் கிடக்கு. லைட் போடுறேல்லை."

அந்த அறைக் கதவின் கீழே வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. உள்ளே யாரோ இருமினார்கள்.

"உங்கட கம்பனி இருமலையும் எண்ணுமோ?" என்றார். சிரிக்கவில்லை.

மூத்தவன் என்றால் இளையவனும் இருக்க வேண்டும்; அவன் ஊரிலிருந்து வந்து, பதியாமல் இருக்கிறான் என்று விளங்கியது. கொழும்பில் தங்கும் தமிழர் எல்லோரும் பொலிஸில் பதிய வேண்டிய காலம் அது. இராணுவச் சுற்றிவளைப்பில் அப்படி ஒருவன் அகப்பட்டால் திரும்பி வருவது நிச்சயமில்லை. ஆட்கள் இரண்டு, பல்ப் இரண்டு என்றே எழுதினேன். என் அறைக்கென்று கம்பனிக் கந்தோரில் தந்த பல்ப் பையில் இருந்தது. அதை எடுத்துக் கதவருகே இருந்த மேசையில் வைத்தேன்.

"இது கணக்கில வராதோ?"

"வராது, அன்ரி."

கந்தோரில் பொறியியலாளர் தாள்களைப் புரட்டினார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் வீடுகள் பொழுதுபட்டதுமே இருண்டுவிடுவதாகத் தாள்கள் சொல்லின. கதவைப் பாதி திறந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

"உங்கட ஆக்கள் கோழி அடையிற நேரமே படுக்கிறவங்களோ?" என்று சிங்களத்தில் கேட்டார்.

இவ்வளவு குறைவாக எரித்தால் மிச்சம் காட்ட முடியாதென்று அந்த ஒழுங்கைகளைத் திட்டத்திலிருந்து நீக்கினார். இன்னும் சில பல்ப் கிடைக்குமென்று, விடியும்வரை எரிப்பதாகச் சொன்ன வீடுகள் திட்டத்தில் நின்றன. வாங்குகிற கம்பனி அந்த மிச்சக் கணக்கைக் காட்டித் தன் புகைபோக்கியை நிறுத்தாமல் எரிக்கும். உண்மையில் எவ்வளவு புகை குறைந்தது என்று எங்கள் கந்தோரில் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த வருடம் அந்த வீட்டுக்குப் போனேன். வேறொரு குடும்பம் இருந்தது. தாயும் இரண்டு மகன்மாரும் இந்தியாவுக்குப் போய்விட்டதாகக் கீழ்மாடிக் கடைக்காரர் சொன்னார். அதற்கு முன்பே ஒரு சுற்றிவளைப்பில் இளையவனைக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார் ஓட்டோக்காரர். இரண்டில் எது உண்மை என்று இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.