சிவப்புத் தாளில் அடைமழை

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம் நாங்கள் காஜா பேராங் பகுதியில் வாடகைக்குக் குடியிருந்தோம். பக்கத்து வீட்டுச் சீனர் சைக்கிள் கடை வைத்திருந்தார். கொட்டும் மழையில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவருடைய அம்மா, அடைமழை என்று பொருள்படும் அபூர்வமான ஓர் எழுத்தைப் பேரனுக்குப் பெயராக வைத்தார். சீனர்களிலேயே பலருக்கு அதை வாசிக்கத் தெரியாதாம்.

“எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும்” என்று அந்த அம்மாளிடம் பெருமையடித்தது நான்தான். ஜப்பான்காரன் காலத்துப் பள்ளிக்கூடத்தில் என் கணவர் அந்த எழுத்தைப் படித்திருந்தார். ஜப்பானியர்களுக்கு அதன் பொருள் அருவியாம்.

குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்த விருந்தில் எல்லோர் முன்னாலும் என் கணவர் தூரிகை வாங்கிச் சிவப்புத் தாளில் எழுதினார். இடப்பக்கம் மூன்று நீர்த்துளிகள், வலப்பக்கம் டிராகன். சீனர்களின் டிராகனுக்குக் கோடுகள் அதிகம். இவர் எழுதியது ஜப்பானியர்கள் சுருக்கி எழுதுவது, பெட்டி மாதிரி உடம்பும் வளைந்த வாலுமாக.

அந்த அம்மாள் தாளை உற்றுப் பார்த்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று மலாயில் கேட்டார்.

“ஜப்பான் ஸ்கூல். நான்தான் அங்கே ஃபர்ஸ்ட்!” என்றார் என் கணவர்.

போர்க்காலத்தில் அந்த அம்மாளின் கணவரை ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிப்போனதும் அவர் திரும்பி வராததும் தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும். அந்த அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். என் கையில், விருந்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த சிவப்புச் சாயமிட்ட முட்டை, பாதி உரித்தபடி. தின்னவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், “உங்களுக்கு வாய் சும்மா இருக்காதா?” என்றேன்.

“தெரியும்னு சொன்னது நீதானே?”



மறுநாள் சைக்கிள் கடைக்காரர் தாளைச் சுருட்டி எடுத்துவந்து மலாயில் சொன்னார். “சீனப் பள்ளி ஆசிரியரிடம் காட்டினேன். அந்தச் சின்ன டிராகன் எங்கள் பழைய அகராதியிலும் இருக்கிறதாம். தப்பில்லை. ஆனால் அம்மாவால் பார்க்க முடியவில்லை. பிள்ளையின் பெயர், கிழிக்கவும் மனம் வரவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.”

என் கணவரின் முகம் மலர்ந்துவிட்டது. “பார்த்தியா, தப்பில்லையாம்!” என்றார் என்னிடம், அந்த மனிதர் வாசலில் நிற்கும்போதே. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்பு புரிந்திருக்கும். நான் தரையைப் பார்த்தபடி தாளை வாங்கிக்கொண்டேன்.

அதன்பிறகு சந்தைக்கு அவர்கள் வாசல் வழியாகப் போகாமல் பின்சந்தில் சுற்றிப் போனேன். ஒருநாள் மீன்காரன் வண்டியருகே அந்த அம்மாள் குழந்தையோடு நின்றார். ஒதுங்க இடமில்லை. “பிடி” என்று பிள்ளையை என்னிடம் நீட்டிவிட்டு, மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கக் குனிந்தார். மன்னிப்பு கேட்க மலாயில் வார்த்தை தேடினேன். அவர் மீன் வாங்கிப் பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வரை ஒன்றும் வாயில் வரவில்லை.