தலைக்குப் பாவம் கிடையாது

தலையாட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. பேன்ட் வெள்ளிக்கிழமை ரெடியாகுமா என்று கேட்டால் ஆஸ்டின் டவுன் டெய்லர் அழகாகத் தலையாட்டுவார். அது ஆமாவா இல்லையா என்பது அவருக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை போனால் கடை பூட்டியிருக்கும். குழாய் ரிப்பேர் செய்கிறவர், என் ஆபீஸ் மேனேஜர், எல்லாரும் இதே ரகம்தான்.

இந்தச் சந்தேகப் புத்தி எனக்கு வீட்டிலேயே வந்தது. மர்பி டவுனில் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, சனிக்கிழமை தோறும் கோயிலில் பாவசங்கீர்த்தனம். அந்த வாரம் சொன்ன பொய்களையெல்லாம் ஃபாதரிடம் ஒப்பிக்க வேண்டும். என்னைவிட நாலு வயது மூத்த அக்கா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"வாயால சொன்னாதான்டா பொய். தலைக்குப் பாவம் கிடையாது."

அன்றிலிருந்து, ஹோம்வொர்க் முடித்தாயிற்றா என்று அம்மா கேட்டால் நாங்கள் இரண்டு பேரும் பூம்பூம் மாடுகள்.

இப்போது அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அத்தான் இறந்த பிறகு சந்தாபுராவில் தனியாக இருக்கிறாள். ஞாயிறு பூசை முடிந்ததும் வீடியோ காலில் பேசுவோம். போன மழைக்காலத்தில் ஒரு நாள், கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறது, டாக்டர் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று சொன்னாள். அடுத்த ஞாயிறு கேட்டேன்.

"டெஸ்ட் எடுத்தியா?"

தலையாட்டினாள்.

"சாப்ட்டியா?"

"ஆச்சு. மீன் கொழம்பு."

"டெஸ்ட் எடுத்தியா?"

மறுபடியும் தலைதான் ஆடியது. மீன் குழம்புக்குத் திறக்கிற வாய் டெஸ்ட்டுக்கு ஏன் திறக்கவில்லை? பாம்பின் கால் பாம்பறியும்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். டாக்டர் கொடுத்த சீட்டு மடித்த மடிப்புக் கலையாமல் பைபிளுக்குள் இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அக்கம்பக்கம் பார்க்காமல் கத்தினேன்.

"தலையாட்டி ஏமாத்த நான் என்ன அம்மாவா?"

"சும்மா கத்தாதடா. பயமா இருந்துச்சு," என்றாள்.

அதற்கு மேல் கத்த முடியவில்லை. கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி, டெஸ்ட் எடுத்து முடிக்கும் வரை பக்கத்திலேயே இருந்தேன்.

நாலு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அறை வாசல் வரை வந்த அக்கா, அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நீயே போய்க் கேட்டுட்டு வா," என்றாள்.

டாக்டர் நிதானமாகத்தான் பேசினார். நல்ல சேதி இல்லை. வைத்தியம் இருக்கிறது, ஆனால் உடனே ஆரம்பிக்க வேண்டும் என்றார். புரிந்ததா என்று அவர் கேட்ட ஒவ்வொரு முறையும் தலையாட்டினேன். பாதிக்கு மேல் காதில் விழவில்லை.

வெளியே வந்தேன். அக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஒண்ணும் இல்லன்னுட்டாரா?"

என் தலை ஆடியது.

அவள் பக்கத்து நாற்காலியிலிருந்து குடையை எடுத்துவிட்டு எனக்கு இடம் விட்டாள்.

"உக்காந்து, வாயால சொல்லுடா," என்றாள்.