இன்ஸ்பெக்டர் வராமலிருக்க மழை கேட்டேன்

பதினோரு நாள் விடாத மழை. ஒரு தோட்டத்துச் சனம் முழுக்கப் பட்டினி. அந்த மழையை அம்மனிடம் கேட்டு வாங்கியவன் நான்.

நான் ஓசூர் பக்கத்துப் பேரிகை என்ற ஊர்க்காரன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்று ஓசூரில் இரண்டு லேத் பட்டறை, வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு, எல்லாம் யார் தயவும் இல்லாமல் நானே உண்டாக்கியது. மலாயாவில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன் என்று எத்தனையோ கல்யாணப் பந்தலில் மார்தட்டியிருக்கிறேன். என்ன லட்சணத்தில் இருந்தேன் என்பதை மட்டும் சொன்னதில்லை. அம்மனின் பிள்ளைகளான உங்களிடம் இன்று சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் கப்பல் ஏறினேன். அதற்குமுன் ஓசூர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் பண்ணையில் குதிரை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே காதால் கேட்டே இங்கிலீஷ் பேசப் பழகினேன். தமிழ், தெலுங்கு, கன்னடம், இங்கிலீஷ், நாலும் என் வாயில் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. மலாயாவில் ரப்பர்ப் பால்மரத் தோட்டமொன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் மாமா, "எங்க மாப்ள மெட்ரிக் பாஸு" என்று துரையிடம் சொல்லிவைத்தார். நானும் தலையாட்டினேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராகப் போட்டார்கள்.

முதல்முறையாகக் காலில் ஷூ போட்டேன். குடியிருக்கத் தனி வீடு கொடுத்தார்கள். மரம் வெட்டிப் பால் எடுக்கிற சனமெல்லாம் சேர்ந்து மாலை போட்டார்கள். சின்னத்தாயி என்று ஓர் அம்மாள், என்னைவிட மூத்தவள், கையெடுத்துக் கும்பிட்டாள். "எம் மவ பார்வதிய ஒங்ககிட்ட ஒப்படைச்சுட்டேன் சாமி. எங்களாட்டம் மரத்தடியில கெடக்காம பாத்துக்குங்க." அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பார்வதிக்குப் பதினோரு வயது. முன்பிருந்த வாத்தியாரிடம் நன்றாகப் படித்தவள். தினம் அவளைப் பாடம் வாசிக்கச் சொல்லி, கேட்டு மனப்பாடம் செய்துகொள்வேன். மறுநாள் புத்தகத்தை விரித்துப் பிடித்து நானே படிப்பதுபோல ஒப்பிப்பேன். என் ஞாபகசக்திக்கு அந்தச் சீமையிலேயே ஆள் கிடையாது. அதுதான் என் திமிர்.

ஒருநாள் நான் ஒப்பித்துக்கொண்டிருக்கையில் பார்வதி எழுந்தாள். "சார், நீங்க ரெண்டு பக்கம் தள்ளிப் புடிச்சிருக்கீங்க. அந்தப் பாடம் இதில்ல சார்." பிள்ளைகள் சிரித்தார்கள். அடிக்கோலால் அவள் உள்ளங்கையில் நாலு அடி கொடுத்தேன். அவள் சொன்னது சரி என்று தெரிந்தே கொடுத்தேன்.

ஐப்பசியில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருவதாகக் கடிதம் வந்தது. என்னை வாசிக்கச் சொன்னால் அதோடு தீர்ந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன். எங்கள் பேரிகையில் மழை கேட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை, கேழ்வரகு விளையும். அந்த நினைப்பில் கேட்டேன். "தாயே, ஆத்துப் பாலம் முழுகற மாதிரி பெய். அந்த ஆளு வரக்கூடாது."

மறுநாளே பிடித்தது. பாலம் முழுகியது. இன்ஸ்பெக்டர் வரவில்லை. அம்மன் என் பக்கம் என்று தேங்காய் உடைத்தேன்.

பிறகுதான் விளங்கியது. பட்டை நனைந்தால் பால் கோப்பைக்கு இறங்காது, மரத்திலேயே வழிந்து வீணாகும். அதனால் மழை நாளில் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. பத்தாம் நாள் வகுப்பில் வாசிக்க எழுந்த பார்வதி தள்ளாடிப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "என்ன கண்ணு?" என்றேன். "ஒண்ணுமில்ல சார். நேத்து வெறும் மரவள்ளிக் கெழங்கு. இன்னிக்கி அதுவும் இல்ல."

பதினோராம் நாள் சனமெல்லாம் கோயிலில் கூடியது. ஆட்களை வேலை வாங்கும் கங்காணி மாரப்பன் காவேரிப்பட்டினத்துக்காரர், நக்கல் பிடித்தவர். கற்பூரத் தட்டை என் கையில் திணித்தார். "நம்மூர்ல மழ வா வான்னு கும்புடுவோம். இங்க போ போன்னு கும்புட வேண்டியிருக்குது. படிச்சவரு நீங்க சொன்னாத்தான் ஆத்தா கேப்பா, வாத்தியாரே."

எந்த வாயால் கேட்பேன்? "மழையைக் கேட்டதே நான்தான்" என்றேன். மெட்ரிக் பொய், மனப்பாடம், இன்ஸ்பெக்டர், எல்லாவற்றையும் அம்மன் முன்னால் கக்கினேன்.

"அடப்பாவி வாத்தியாரே!" என்றார் மாரப்பன். "கேட்டதுதான் கேட்ட, ஒரு நாள் மழையா கேட்டிருக்கக் கூடாதா?" சிலர் சிரித்துவிட்டார்கள்.

சின்னத்தாயி சிரிக்கவில்லை. "அப்ப எம் புள்ளய எதுக்கு அடிச்ச?"

அன்றுவரை சாமி என்றவள். கற்பூரம் அணைவதற்குள் வாய்விட்டு வேண்டினேன். "தாயே, என்னை என்ன வேணா பண்ணு. இவங்க அடுப்பை எரிய விடு."

மறுநாள் விடியும்போது வானம் வெளுத்திருந்தது. உச்சி வெயில் பட்டையை உலர்த்தியது. அடுத்த காலை எல்லோரும் மரத்துக்குப் போனார்கள். பாலம் தெரிந்ததும் இன்ஸ்பெக்டர் வந்தார். வாசலிலேயே மறித்து உண்மையைச் சொன்னேன். வேலை போயிற்று. மாமா முகம் கொடுத்துப் பேசவில்லை. தனி வீட்டைக் காலி செய்தேன். துரை என்னை ஊருக்குக் கப்பலேற்றாமல் பால்மரம் வெட்ட அனுப்பினார். அதுவும் அம்மன் செயல். மாரப்பன் வெட்டுக் கத்தியைக் கொடுத்து, "இதையாவது நேரா புடிங்க, வாத்தியாரே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வதி எனக்கு இங்கிலீஷ் எழுத்து சொல்லிக்கொடுத்தாள். சின்னத்தாயி அருகிலேயே உட்கார்ந்திருப்பாள். அந்த எழுத்துதான் பின்னாளில் ஊர் திரும்பியதும் என் பட்டறை மிஷின்களில் எழுதியிருந்ததைப் படிக்க வைத்தது. இத்தனை நாள் நானே உண்டாக்கியது என்றேனே, அதுவும் பொய். அவளிடம் படிக்கையில் நான் விட்ட தப்புகளுக்கு அளவில்லை. பார்வதி பக்கத்திலேயே அடிக்கோல் கிடக்கும். ஒருநாளும் அவள் அதைத் தொட்டதில்லை.

தாய்க்குக் கோடி நமஸ்காரம். அவள் இரண்டு தடவையும் எனக்குக் கொடுத்தாள். முதல் தடவை நான் எப்பேர்ப்பட்டவன் என்று காட்டினாள். இரண்டாம் தடவை என்னைக் காப்பாற்றினாள். வெள்ளிக்கிழமைதோறும் பேரிகை அம்மன் சந்நிதியில் நிற்கிறேன். வெளியே சொல்ல முடியாததை மனதில் வைத்திருக்கிறவர்கள் வாருங்கள். எனக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.