தொரைசாமியின் மஞ்சள் விரல்

மண்டியாவில் எங்கள் சந்தைத் தெருவில் வண்டிகளுக்கு வயர் வேலை பார்க்கும் தொரைசாமி, எந்தக் கோளாறுக்கும் முதலில் எலியைத்தான் சந்தேகப்படுவார். ஹாரன் அடிக்கவில்லையா, எலி. வைப்பர் ஓடவில்லையா, எலி. டீசல் தீர்ந்து நின்ற ஒரு வண்டியைக்கூட எலியின் தலையில் கட்டியிருக்கிறார். கழுத்தில் எப்போதும் ஒரு டெஸ்ட் பல்பு தொங்கும். குளிக்கும்போது அதைக் கழற்றுகிறாரா என்று அவர் மனைவியைக் கேட்டால் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவார்.

பக்தியிலும் அவர் வழி தனி. ஆயுதபூஜை அன்று மற்றவர்கள் கண்ணாடிக்கும் சக்கரத்துக்கும் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். தொரைசாமிக்கு அது போதாது.

"ரோட்டுல போறவன் உசிரு எங்க இருக்கு? பிரேக்குல. அதுக்கு எவனாவது பொட்டு வெக்கிறானா?"

இந்த வருஷம் மஞ்சளும் குங்குமமும் கெட்டியாகக் குழைத்த கிண்ணத்தோடு வண்டி வண்டியாக ஏறி, பெடலுக்கு அடியில் தலையை நுழைத்துப் பூஜை செய்தார். வெளியே அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. அவையும் பக்தியோடுதான் இருந்தன.

அந்த வாரமே லக்கம்மா தன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவள். பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை. வேனின் தகுதிச் சான்று அன்றோடு முடிகிறது. மதியம் ஆர்.டி.ஓ. மைதானத்தில் வண்டி இன்ஸ்பெக்டர் பார்த்துப் பாஸ் செய்யாவிட்டால், மறுநாள் நாகமங்கலக் கல்யாணத்துக்கு அவளுடைய அண்டா ஒன்றுகூடப் போய்ச் சேராது.

"தொரெ அண்ணா, ஊரே சாப்பிட வருது. விளையாடாம பாரு."

"எலிதான் அக்கா."

"நீ இன்னும் வண்டிகிட்டவே வரலியே!"

"வாசனை வருதே."

"அது நேத்து வெச்ச அவரைக்காய் சாறு. மூக்கை விட்டுட்டுக் கையைப் போடு."

தொரைசாமி பல்பை மாற்றினார். ஃபியூஸை மாற்றினார். பின்பக்கத் தகட்டைக் கழற்றி வயர்களை வெளியே இழுத்தார். வேன் குடல் சரிந்த மிருகம்போல நின்றது. அவர் உள்ளே பெடலை மிதிக்க, லக்கம்மா சேலையைச் செருகிக்கொண்டு பின்னால் நின்றாள்.

"எரியுதா அக்கா?"

"இல்ல."

"இப்போ?"

"என் வயிறுதான் எரியுது."

எதிர் டீக்கடையில் வேன்காரர்கள் கூடிவிட்டார்கள். "என்ன குரு, எலி மாட்டுச்சா, ஜாமீன்ல போயிடுச்சா?" என்றான் நஞ்சுண்டன்.

கடைசியில் தொரைசாமி பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்சுக்கு வந்தார். அதில் ஒரு சின்னக் குமிழ். பெடல் சும்மா இருக்கும்போது அதை அழுத்திக்கொண்டிருக்கும். மிதித்தால் குமிழ் வெளியே வரும், விளக்கு எரியும். டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்தார். சுவிட்சு வரை கரண்ட் வந்தது, அதைத் தாண்டவில்லை. விரலை விட்டுத் தடவினார். வெளியே எடுத்தபோது நுனி மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"என்ன அது?"

"கிரீஸ் அக்கா."

"காட்டு." அவள் கையைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்தாள். "குங்குமம் கலந்த கிரீஸ் எந்தக் கடையில விக்கிறாங்க?"

குமிழின் மேல் பூஜை காய்ந்து சிமெண்டாக இறுகியிருந்தது. டீக்கடையில் சிரிப்பு வெடித்தது. நஞ்சுண்டன்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினான். டம்ளரை வைத்துவிட்டுத் தன் வேனில் ஏறி பிரேக்கை மிதித்து, "டேய், பின்னாடி யாராச்சும் பாருங்கடா" என்றான். யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் வண்டியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

தொரைசாமி மண்ணெண்ணெயில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்தார். குமிழ் துள்ளி வெளியே வந்தது.

"எரியுது! எரியுது! ஏறு வண்டியில. பாஸ் ஆகிற வரைக்கும் நீ எங்கயும் போகக் கூடாது."

மைதானத்துக்கு நானும் போனேன். எப்படி முடிகிறது என்று பார்க்காமல் என் கடைக்குத் திரும்ப முடியவில்லை. இன்ஸ்பெக்டர் வேனின் பின்னால் வந்து நின்று, "மிதிங்க" என்றார். செக்கச்செவேலென்று எரிந்தது. கையெழுத்துப் போட்டார். லக்கம்மா காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தொரைசாமிக்கு ஒரு மத்தூர் வடையும் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் தன் ஜீப்பில் ஏறிக் கிளம்பினார். வாசலில் ஒரு எருமை குறுக்கே வந்தது. ஜீப் குலுங்கி நின்றது. பின்னால் சிவப்பு இல்லை.

லக்கம்மா மெதுவாகத் திரும்பினாள். "அதுக்குமா?"

தொரைசாமி வடையை மெல்வதை நிறுத்தினார். "பெரிய ஆபீஸ் வண்டி ஆச்சே அக்கா... கொஞ்சம் தாராளமாவே வெச்சேன்."

"ஓடு!"

வடையை என் கையில் திணித்துவிட்டு, பல்துலக்கியை உயர்த்திப் பிடித்தபடி அவர் ஜீப்பின் பின்னால் ஓடினார்.

"சார்! சார், நில்லுங்க! உங்க வண்டியில எலி!"