கோயிந்த்வால் படிகளில் சுலக்கன் சிங்

தர்ன் தாரன் பக்கம் வட்டக் கபடி ஆடிய காலத்தில் சுலக்கன் சிங்கின் பிடிக்கு ஒரு பேர் இருந்தது. பாடி வருகிறவன் அவர் காலுக்குள் சிக்கினால் மூச்சு முடியும்வரை வெளியே போக முடியாது. எங்கள் வயலும் அவர் வயலும் ஒரே வரப்பைப் பங்கு போட்டவை. அதனால் அவர் ஆடி நான் பார்த்ததைவிட, ஆட்டத்தை விட்டபின் எருமைகளோடு நின்று அவர் மௌனமாக இருந்ததைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஆட்டத்தை விட்டதற்குக் காரணம் தாரி. முழுப்பெயர் ஜக்தார் சிங். பியாஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன், ஒல்லியான உடம்பு, பாடிப் போனால் மீன் மாதிரி நழுவி வருவான். எங்கள் ஊர் மேளாவில் அவனைச் சுலக்கன் கால்களால் கத்தரி போட்டு வீழ்த்தினார். தாரி எழுந்திருக்கவில்லை. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது.

ஆட்டத்தில் நடந்தது, யார் மேலும் குற்றமில்லை என்று பஞ்சாயத்தும் சொன்னது, தாரியின் வீட்டாரும் சொன்னார்கள். சுலக்கன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அதன்பின் மைதானத்துப் பக்கமே போகவில்லை.

ஒன்றிரண்டு வருஷம் கழித்து அவர் மனைவி ரேஷம் கௌருக்கு முதல் குழந்தை இறந்தே பிறந்தது. பிறகு சுலக்கனுடைய இடது கை மணிக்கட்டிலிருந்து மரத்துப்போக ஆரம்பித்தது. கழுத்தில் நரம்பு அழுந்துகிறது என்று அமிர்தசரஸ் மருத்துவர் சொன்னார். சுலக்கன் நம்பவில்லை. பால் கறக்கும்போது அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தலைப்பாகை கட்டத் துணியின் ஒரு முனையை ரேஷம்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

"பண்ணின வினை கைக்கு வந்து சேர்ந்திருக்கு," என்றார் ஒருநாள் அவளிடம். "கோயிந்த்வாலுக்குப் போறேன். பாவோலிப் படியில ஜப்ஜி சொல்றேன்."

பாவோலி என்பது கோயிந்த்வால் குருத்வாராவின் படிக்கிணறு; அதற்கு எண்பத்து நான்கு படிகள். ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, காலைத் துதியான ஜப்ஜியை முழுவதும் சொல்லி, கீழே இறங்கி முழுக்குப் போட்டு, அடுத்த படிக்கு வரவேண்டும். முடித்தவருக்கு எண்பத்து நான்கு லட்சம் பிறவிகளின் சுழற்சி அறும் என்பது எங்கள் நம்பிக்கை.

"நானும் வரேன்," என்றாள் ரேஷம்.

"உனக்கு என்ன வினை?"

"உங்களோட குடும்பம் நடத்தறேனே, அது போதாதா?"

எருமைகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள். குளிர் இன்னும் விடாத மாசம்.

சத்திரத்தில் ஓர் அறை கிடைத்தது. பெண்கள் பக்கம் ரேஷமும் ஆண்கள் பக்கம் சுலக்கனும் தனித்தனியே இறங்கினார்கள். ஜப்ஜி அவருக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. ஈரக் கச்சையோடு கல்லில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தண்ணீரின் சில்லிப்பு முதுகில் வழிய, நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனார். பக்கத்துப் படியில் இருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், "உங்க குரல் கேட்டா எனக்கு வேகம் வருது பாய் சாகிப்," என்றார்.

இரண்டாம் நாள் ஒரு படியில் வரி விட்டுப்போயிற்று. சொல்லிக்கொண்டே வந்த வாய் திடீரென்று நின்றது. அடுத்த சொல் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்றது. இறங்கி ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடினால் சொல்லுக்குப் பதிலாகக் கபடி மைதானத்தின் மண்தான் தெரிந்தது. வாத்தியார் இரண்டு படி தாண்டி மேலே போய்விட்டார்.

மத்தியானம் குருத்வாராவின் பொதுச் சமையற்கூடமான லங்கரில், பந்தியில் அமர்ந்து பருப்பையும் ரொட்டியையும் முன்னால் வைத்துக்கொண்டு சுலக்கன் சாப்பிடாமல் இருந்தார்.

"ரொட்டி வெந்திருக்கு. சும்மா பார்த்துக்கிட்டே இருந்தா இன்னும் வேகாது," என்றாள் ரேஷம்.

"எனக்குப் பாட்டே மறந்துபோச்சு."

"எது, ஜப்ஜியா? தூக்கத்துல எழுப்பினாலும் சொல்வீங்களே."

அப்போதுதான் அவர் அவளிடம் சொன்னார், அதுவரை யாரிடமும் சொல்லாததை. தாரி விழுந்ததும் கையால் மண்ணைத் தட்டினான். விட்டுவிடு என்று அர்த்தம். சுலக்கனுக்கு அது தெரிந்தது. சுற்றிலும் ஜனம் கத்திக்கொண்டிருந்தது, ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொன்னார்கள். அந்தச் சத்தத்தில் மனசு இனித்துப்போய் இன்னொரு முறை முறுக்கினார். அந்த முறுக்கில்தான் முதுகெலும்பு போயிற்று.

பரிமாறுகிறவர் வந்து, "பிரசாதம், பிரசாதம்," என்று ரொட்டியை நீட்டினார். ரேஷம் இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டாள்.

"இத்தனை வருஷம் எங்கிட்டகூடச் சொல்லலை," என்றாள்.

"பயமா இருந்தது."

"சரி. இப்போ எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? யார்கிட்டச் சொல்லணுமோ அவன் ஆத்துக்கு அந்தப் பக்கம்ல இருக்கான்."

"படி பாதியில இருக்கே."

"படி எங்க ஓடிப்போகுது? போயிட்டு வாங்க. நான் என் பக்கத்தை முடிக்கிறேன்."

பியாஸ் பாலத்தைத் தாண்டி, இரண்டு பஸ் மாறி, சாயங்காலத்துக்கு முன்னால் தாரியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். கதவைத் திறந்தது தாரியின் அண்ணி. ஆளை அடையாளம் தெரிந்ததும் முகம் இறுகியது. ஆனாலும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து, போர்வையை இடுப்புவரை இழுத்துக்கொண்டு, தாரி செல்போனில் ஏதோ ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிர்ந்தான்.

"சத் ஸ்ரீ அகால்," என்றார் சுலக்கன்.

"வா வா. அந்த ஸ்டூல்ல உக்காராதே, உன் கனத்துக்குத் தாங்காது. தரையில உக்காரு."

சுலக்கன் தரையில் உட்கார்ந்தார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "நீ கையைத் தட்டினே. நான் பார்த்தேன். பார்த்துட்டும் விடலை," என்று மட்டும் சொன்னார்.

தாரி செல்போனை அணைத்தான்.

"தட்டினது நான். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் பஞ்சாயத்துல சொல்லலை?"

"சொன்னா என் கால் வந்துடுமா? நீயா வந்து சொல்றியான்னு பார்த்துக்கிட்டிருந்தேன். முதல்ல தினமும் உன்னைத் திட்டுவேன். அண்ணி காதைப் பொத்திக்குவா."

"இப்போ?"

"இப்போ ஞாயித்துக்கிழமை மட்டும்."

சுலக்கன் கட்டிலின் கால்மாட்டில், அந்த உணர்ச்சியில்லாத பாதங்கள்மேல் நெற்றியை வைத்து அழுதார். தாரி அவரைத் தூக்கிவிடவுமில்லை, தள்ளவுமில்லை. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தான். பின்னர் சொன்னான்:

"மன்னிச்சேன்னு இன்னிக்கு என் வாயால வராது. பொய் சொல்லி அனுப்ப விரும்பலை. ஆனா நீ எனக்கு ஒரு காரியம் செய். பக்கத்து ஊர்ல நாளைக்குக் கபடி மேட்ச். என்னைக் கூட்டிட்டுப் போ."

அண்ணி குறுக்கிட்டாள். "அதைப் பார்த்தா உனக்கு மனசு கஷ்டப்படும்பா."

"பாரு, இதையேதான் சொல்றாங்க எல்லாரும். என் மனசு என்ன ஆகுதுன்னு என்கிட்ட யாரும் கேக்கறதில்லை. இந்தச் சின்னத் திரையில பார்த்துப் பார்த்துக் கண்ணுதான் கெட்டுப்போச்சு."

மறுநாள் டிராக்டர் வண்டியில் கட்டிலைப் போட்டு அவனை ஏற்றினார்கள். தூக்கியது சுலக்கன். மரத்த கையில் பலம் குறைவு என்பதால் முழங்கையை அவன் முதுகுக்குக் கீழே கொடுத்து, தாரியின் அண்ணன் கால்களைப் பிடிக்க, மெதுவாக வைத்தார்.

"கபடியில இப்படிப் பிடிச்சிருந்தா நீ ஒரு கோப்பைகூட ஜெயிச்சிருக்க மாட்டே," என்றான் தாரி.

மைதானத்து ஓரத்தில் வண்டியை நிறுத்தினார்கள். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே தாரி கத்த ஆரம்பித்தான். "அவன் வலதுபக்கம் போகப்போறான், தோளைப் பாரு." அவன் சொன்ன பக்கமே பாடுகிறவன் போனான். "இந்தப் பிடிக்காரன் அவசரப்படறான், கல்யாணத்துக்கு முன்னாடியே மாமியார் வீட்டுக்குப் போறவன் மாதிரி." சுற்றி நின்றவர்கள் ஆட்டத்தை விட்டு அவன் பேச்சுக்குச் சிரித்தார்கள். வர்ணனை செய்துகொண்டிருந்தவருக்குக் காலையிலிருந்து தொண்டை கட்டியிருந்தது. அவரே எழுந்து வந்து, மைக்கை வண்டிக்கு நீட்டி, "கொஞ்ச நேரம் நீ பேசு தம்பி," என்றார். வெயில் சாயும்வரை மைக் தாரியின் கையை விட்டுப் போகவில்லை.

சுலக்கன் கோயிந்த்வாலுக்குத் திரும்பியபோது ரேஷம் தன் பக்கத்தை முடித்துவிட்டு, லங்கரில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு, "போய் உக்காருங்க," என்றாள்.

விட்ட படியிலேயே போய் உட்கார்ந்தார். வரி வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. கடைசிப் படியில் ஜப்ஜியை முடித்து முழுக்குப் போட்டு எழுந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. அர்தாஸ் என்ற நிறைவு வேண்டுதலில் கைகூப்பி நின்றபோது தனக்கென்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை என்றும், தாரியின் குரல் கெடாமல் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டதாகவும் என்னிடம் சொன்னார்.

கோதுமை அல்வாப் பிரசாதத்தை இலையில் பொதிந்து ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தாரி இரண்டு கையையும் நீட்டி வாங்கி, கண்ணில் ஒற்றி, வாயில் போட்டுக்கொண்டான். "நெய் நிறைய. ஆனா இவ்வளவுதானா? வழியில நீங்க சாப்பிட்டுட்டீங்க," என்றான். ரேஷமுக்கு அவனை அன்றே பிடித்துவிட்டது.

இப்போது மேளாக் காலம் வந்தால் இரு கரையிலும் தாரியைக் கூப்பிடுகிறார்கள். சக்கர நாற்காலி வந்துவிட்டது. சுலக்கன்தான் பெரும்பாலும் அழைத்துப் போகிறார். மன்னிப்பு என்ற சொல்லைத் தாரி இதுவரை சொன்னதாகத் தெரியவில்லை. சுலக்கனும் கேட்டதில்லை. ஒரு மேளாவுக்கு அவர் வரத் தாமதமானால் தாரி மைக்கிலேயே, "எங்க அந்தத் தடியன்?" என்று தேடுவான்.

இடது கை மரத்தது மரத்ததுதான். போன மாசம் வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது நான் நேராகவே கேட்டேன். "எண்பத்து நாலு லட்சம் பிறவியும் அறுந்துடுச்சா அண்ணே?"

"அதை நான் எப்படிச் சொல்றது? அது வாஹேகுருவுக்குத்தான் தெரியும்," என்றார். "முன்னெல்லாம் காலையில கண்ணு முழிக்கவே பயமா இருக்கும். இப்போ பறவை கத்தறதுக்கு முன்னாடியே எழுந்து, வாய் தானா ஜப்ஜி சொல்ல ஆரம்பிச்சுடுது."

வீட்டிலிருந்து ரேஷம் கூப்பிட்டாள். எருமை கயிற்றை அவிழ்த்துக்கொண்டு என் கடுகு வயலுக்குள் இறங்கியிருந்தது. சுலக்கன் சிங் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.