மார்க் டூ என்றால் திரும்பும்

எனக்குத் துப்பாக்கியைப் பற்றித் தெரியும் என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் நான். அதுவும் மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு வாரப் பத்திரிகையை வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்ததுதான். ஆனால் ஸ்டென் துப்பாக்கியில் இரண்டாம் வகை எது, மூன்றாம் வகை எது என்று யாராவது கேட்டால் அரிசி களைந்துகொண்டே சொல்லிவிடுவேன்.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஆர்மரராக இருந்தார். துப்பாக்கியைச் சுடுகிற வேலை இல்லை, பழுது பார்க்கிற வேலை. ஆரியங்கோட்டிலிருந்து என்னைக் கல்யாணம் முடித்து, வடக்கே ஒரு ஊரில் ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸில் கொண்டு வைத்தார். அந்த வருடம் அவருக்குப் பதவி உயர்வுக்கான தேர்வு இருந்தது. ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்கத் துப்பாக்கிகளைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். கேள்வி கேட்க அந்த அறையில் என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது.

"நீ படத்தத் தொட்டு இது ஏதுன்னு கேளு பிள்ளே. நான் தெற்றாச் சொன்னா அந்தக் கரண்டிய வச்சு ஒரு அடி தா."

நானும் கேட்டேன். அவர் படித்தது எனக்கும் பாடமாயிற்று.

ஸ்டென் என்பது பார்க்க ஒன்றும் அழகான சாமான் இல்லை. ஒரு இரும்புக் குழாய், பின்னால் தோளில் முட்டுக் கொடுக்க ஒரு கம்பிச் சட்டம், இடது பக்கத்தில் குண்டு நிறைத்த பெட்டி. மேகசின் என்பார்கள். அது கீழே தொங்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். முதல் படத்தைப் பார்த்ததும், "இது பிள்ளைய இடுப்பில வச்ச பொம்பள மாதிரில்லா இருக்கு" என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அந்தக் கணக்கிலேயே சொல்லிக் கொடுத்தார்.

மார்க் டூ என்கிற இரண்டாம் வகையில், மேகசின் நுழைகிற கூடு திரும்பும். ஒரு சின்னக் குமிழை இழுத்துக்கொண்டு திருப்பினால் பக்கத்தில் நின்றது கீழே வந்துவிடும். வெடித்த தோட்டாவின் வெற்று உறை தெறித்து விழுகிற வாயும் அதோடு மூடிக்கொள்ளும், உள்ளே மண் போகாது. பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி நிறுத்துகிற மாதிரி. மார்க் த்ரீ என்கிற மூன்றாம் வகையில் அது நடக்காது. கூட்டை உடம்போடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். அந்தப் பிள்ளை இடுப்பை விட்டு இறங்கவே இறங்காது.

குழலும் அப்படித்தான். மார்க் டூவின் குழலைத் திருகிக் கழற்றிவிடலாம், புட்டு அவிக்கிற குற்றியைக் குடத்தின் வாயிலிருந்து எடுப்பதுபோல. முன்பக்கம் வெறும் குழல் கொஞ்சம் வெளியே நீண்டு நிற்கும். மார்க் த்ரீயில் உடம்புத் தகடே குழலை மூடிக்கொண்டு கிட்டத்தட்ட நுனிவரை போகும். தகட்டை வளைத்து ஒட்டிய இடம் முதுகில் நீளமாக ஒரு தழும்பு போலத் தெரியும். தோட்டா உறை தெறிக்கிற வாய்க்கு முன்னால், பிடிக்கிறவன் விரல் தவறி உள்ளே போகாமல் இருக்க, ஒரு சின்ன உதடும் உண்டு. மார்க் ஃபைவ் இந்தக் குடும்பத்தில் பணக்காரன்: மரக் கட்டை, மரக் கைப்பிடி. பிறகு வந்த கார்பைன் வேறு வீட்டுப் பிள்ளை. அதன் மேகசின் நேந்திரங்காய்போல வளைந்திருக்கும், குழலைச் சுற்றிச் சல்லடைபோல ஓட்டை, பின்கட்டை மடங்கும்.

அந்த உதட்டை அவர் ஒரு தடவை மறந்துவிட்டார். நான் படத்தில் விரலை வைத்து, "இது என்னதுக்கு?" என்று கேட்டேன். விழித்தார். கரண்டியால் ஒன்று வைத்தேன். தேர்வில் அந்தக் கேள்விதான் வந்ததாம். அவர் பாஸானதில் பாதி எனக்கு உள்ளது என்று இன்றுவரை சொல்லிக்காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது கேரள எல்லையில் தனுவச்சபுரத்துப் பக்கம்தான் எங்கள் வீடு. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. பாறசாலை போகிற ரோட்டில் பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒரு மன்றம் உண்டு. காலையில் நடந்து அங்கே போய்விடுவார். பத்திரிகை, சாயா, வாய்ச்சண்டை. மதியச் சோற்றுக்குத்தான் திரும்புவார்.

போன குடியரசு தினத்துக்கு அந்த மன்றத்தில் ஒரு பழைய ஸ்டென்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். குழலை அடைத்து, சுடவே முடியாதபடி செய்து, முறைப்படி அனுமதி வாங்கிய துப்பாக்கி. பெட்டியின் கீழே ஒரு பித்தளைத் தகடு. அதில் மார்க் டூ என்று எழுதியிருந்தது. மூத்தவர் என்பதால் திரையை விலக்க அவரைக் கூப்பிட்டார்கள். நான் வெளியே பந்தலில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்தது பிறகு கேட்டதுதான். திரை விலகியதும் துப்பாக்கியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்களாம்.

ஆர்மரர் கையில் ஸ்டென்னைக் கொடுத்தால், அவன் முதலில் குமிழை இழுத்து அந்தக் கூட்டைத்தான் திருப்பிப் பார்ப்பான். தேங்காய் வாங்குகிறவர்கள் தட்டிப் பார்க்கிற மாதிரி அது ஒரு பழக்கம். இவரும் திருப்பப் பார்த்தார். திரும்பவில்லை.

"இது மார்க் த்ரீயாக்கும். தகட்ட மாத்துங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ராணுவத்தில் சமையல்காரராக இருந்த ஒருவர் அங்கே உண்டு. இவரைவிடப் பத்து வயது இளையவர். அவர், "அண்ணே, முன்னால பாருங்க, பேரல் வெளிய நீட்டிக்கிட்டுல்லா நிக்குது?" என்றாராம்.

"பாத்துட்டுதான் சொல்லியேன். நீ சப்பாத்தி சுட்ட ஆளு. எனக்க கிட்ட பேரலப் பத்திப் பேசாத."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் இவர் விடவில்லை. தினமும் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று, தகட்டை மாற்று, தகட்டை மாற்று என்று ஒரே பேச்சு. கொஞ்ச நாளில் சிரிப்பு நின்றது. மன்றத்தின் செயலாளர் நல்ல மனிதர். மனம் கேட்காமல் பெங்களூரில் இருக்கிற என் மகனுக்குப் போன் செய்துவிட்டார்.

மகன் என்னைக் கூப்பிட்டான். "அம்மா, அப்பாக்கு மறதி வந்தாச்சு. ஆயுசு முழுக்கத் தொட்ட தோக்கு எதுன்னு தெரியல்லன்னா பின்ன என்ன? ஞாயிற்றுக்கிழமை நான் வாறேன். டாக்டர்ட்ட நேரம் வாங்கியாச்சு. ரெண்டு பேரும் எனக்க கூட வாங்க. வீட்டப் பூட்டிரலாம்."

நான்கு சுவர்ப் பிளாட்டில் அவரைக் கொண்டு உட்காரவைத்தால், பேசிச் சண்டை பிடிக்க ஆளில்லாமல் ஒரு மாதத்தில் ஒடுங்கிப் போவார். மகன் சொன்னது அன்பினால்தான். அதனால்தான் எதிர்த்துப் பேசுவதும் கஷ்டமாக இருந்தது.

"உனக்க அப்பாக்கு ஒண்ணும் இல்ல மக்கா. அவரு மார்க் த்ரீன்னு சொன்னா அது மார்க் த்ரீ ஆக்கும்" என்றேன்.

"நீங்க பாத்தியளா?"

பார்க்கவில்லைதான். மறுநாள் அவர் கிளம்பிப் போனபின், எங்கள் பக்கத்துப் பெண்கள் உடுத்துகிற கரை போட்ட நல்ல வேட்டியும் மேலே நேரியதும் உடுத்தி, கல்லூரிப் பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு நின்ற பஸ்ஸில் ஏறி மன்றத்துக்குப் போய் இறங்கினேன். பெண்கள் நாள்கிழமைக்குத்தான் அங்கே போவோம். நான் வாசலேறியதும் நாற்காலிகளெல்லாம் கிரீச்சென்றன.

"மயினி வந்திருக்காவ" என்றார் சமையல்காரர். அவருக்கு நான் அண்ணன் பெண்டாட்டி முறை.

"அந்தப் பெட்டியத் திறங்க" என்றேன் செயலாளரிடம்.

"எதுக்கு அக்கா?"

"நீங்க எழுதி வச்சது தெற்று. அதச் சொல்லத்தான் வந்தேன்."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "அப்பிடிச் சொல்லு பிள்ளே" என்று நிமிர்ந்தார்.

செயலாளர் பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தார். பார்த்தேன். வெறும் குழல் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. முதுகில் தழும்பு இல்லை. வாய்க்கு முன்னால் உதடு இல்லை. நோட்டுப் புத்தகத்தில் இருந்த அதே மார்க் டூ. பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அவ்வளவு பேரும் என் வாயையே பார்த்தார்கள். மார்க் த்ரீ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம் என்று தோன்றியது உண்மை. ஆனால் அதை அவர் நம்புவார். நாளைக்கும் வந்து அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்பார்.

எதற்கும் இருக்கட்டும் என்று குமிழை இழுத்துக் கூட்டைத் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. மார்க் டூ என்றால் திரும்ப வேண்டுமே. குனிந்து பார்த்தேன். கூடும் உடம்பும் சேருகிற இடுக்கு முழுக்கக் கறுப்புப் பெயிண்ட், தோசை மாவை ஊற்றி வைத்ததுபோல.

"இதுக்கு யாரு பெயிண்ட் அடிச்சா?"

செயலாளர் தலையைச் சொறிந்தார். "வாசல் கேட்டுக்கு அடிச்சதுல கொஞ்சம் மிச்சம் இருந்துது அக்கா. துரு பிடிக்கண்டாம்னு…"

ராணுவத்தில் இருபது வருடம் இருந்தவர்கள் இவர்கள். குடியரசு தினம் என்றால் அசையாமல் நிற்கிற எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். துப்பாக்கியும் தப்பவில்லை.

வளையலில் கிடந்த ஊக்கைக் கழற்றி அந்த இடுக்கைச் சுற்றிக் கீறினேன். சமையல்காரர் எங்கிருந்தோ கொஞ்சம் மண்ணெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார். அவர் கைதான் பலமான கை. குமிழை இழுத்துப் பிடித்து முறுக்கினார். படக்கென்று ஒரு சத்தம், கூடு திரும்பிக் கீழே வந்தது.

என் வீட்டுக்காரர் கைக்குத் தெரிந்தது சரிதான். பெயிண்ட் பிடித்த கூடு திரும்பாது, திரும்பாதது மார்க் த்ரீ. மறதிக்காரனுக்கு அந்தப் பழக்கம் எப்படி நினைவில் இருக்கும்? அப்படியானால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற குழலை ஏன் பார்க்கவில்லை?

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"இஞ்ச பாருங்க. முன்னால என்ன தெரியுது?"

அவர் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. என் குரல் வந்த பக்கம் பார்த்தார்.

"கறுப்பா ஒண்ணு தெரியுது."

"பேரல் தெரியுதா?"

என் கையைத் தொட்டுக் கிட்டே இழுத்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எல்லாம் புகை மூட்டம் மாதிரி ஆக்கும்" என்றார்.

வீட்டில் கொஞ்ச நாளாகச் சாயா டம்ளரின் விளிம்பை விரலால் தடவிவிட்டுத்தான் வாய்க்குக் கொண்டுபோவார். மீன் முள்ளை நான் எடுத்து வைத்தால்தான் சாப்பிடுவார், செல்லம் என்று நினைத்திருந்தேன். படியிறங்கும்போது என் தோளைப் பிடிப்பார், அதையும் பிரியம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஒரு இரும்புத் துண்டில் உதடு எங்கே, தழும்பு எங்கே என்று கண்டுபிடிக்கிறவள், எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் கண்ணைப் பார்க்காமல் எத்தனை மாதம் இருந்துவிட்டேன்.

"எனக்க கிட்டச் சொல்லக் கூடாதா?"

"உனக்க கிட்டச் சொன்னா அது ஆரியங்கோடு வரைக்கும் கேக்கும். ஆர்மரருக்குக் கண்ணு போச்சுன்னா பின்ன என்ன இருக்கு?"

பக்கத்தில் நின்ற சமையல்காரர் அதைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "அப்ப தினமும் என்னய பேப்பர் வாசிக்கச் சொன்னது இதுக்காக்குமா? எனக்க குரல் நல்லாருக்குன்னுல்லா நெனச்சேன்!"

"உனக்க குரலா? குக்கர் விசில் இதவிட நல்லாருக்கும்."

அங்கேயே நின்று மகனுக்குப் போன் போட்டேன். "புத்திக்கு ஒண்ணும் இல்ல மக்கா. கண்ணாக்கும். நான்தான் பாக்காம விட்டுட்டேன்" என்றேன். அவன் அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சினான். அப்பனைப்போலத்தான், அழுகிறேன் என்று சொல்லமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவன், பெங்களூருக்குப் பதிலாக நெய்யாற்றின்கரையில் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன். மகன் பத்து நாள் லீவு போட்டு இருந்து, சொட்டு மருந்து விடுகிற நேரமெல்லாம் எனக்கு விளங்குகிற மாதிரி தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு, தனியாகத்தான் திரும்பிப் போனான். போகும்போது வீட்டைப் பூட்டுகிற பேச்சை எடுக்கவில்லை.

டாக்டர் சரி என்று சொன்ன அன்றே, கறுப்புக் கண்ணாடியோடு மன்றத்துக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். பெட்டிக்கு முன்னால் நின்று, கண்ணாடியைக் கழற்றி, நுனியிலிருந்து பின்கட்டை வரை மெதுவாகப் பார்த்தார்.

"மார்க் டூ" என்றார். பிறகு சமையல்காரர் பக்கம் திரும்பினார். "நீ அன்னைக்குச் சொன்னது சரியாக்கும்."

"கேக்கல்ல அண்ணே. கொஞ்சம் சத்தமா."

"நீ சொன்னது சரி."

"இன்னொருக்கா?"

"போ லே, போய்ச் சாயா போடு."